ஆறு பாஸ்பேட்டும் ஒரு பசித்த பாக்டீரியாவும்

காட்டுக்கு மணிச்சத்து எங்கிருந்து வருகிறது?

வயலுக்குப் போகத்துக்குப் போகம் உரம் போடுகிறோம். யாருமே உரம் போடாத காடு மட்டும் எப்படிப் பச்சை மாறாமல் நிற்கிறது? இந்தக் கேள்வி பலருக்கும் எழுந்திருக்கும். இலை உதிர்கிறது, மட்குகிறது, மறுபடி மரத்துக்கே உணவாகிறது என்று பதில் சொல்வோம். அது சரியான பதில்தான். ஆனால் மட்கும்போது மண்ணுக்குள் என்ன நடக்கிறது, அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதை அது சொல்வதில்லை.

தழைச்சத்தைப் பொறுத்தவரை சிக்கல் குறைவு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். அதைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் மண்ணில் இருக்கின்றன. சாம்பல் சத்தான பொட்டாசியம் உதிர்ந்த இலையிலிருந்து மழைநீரிலேயே கரைந்து இறங்கிவிடும். மணிச்சத்தான பாஸ்பரஸ் அப்படியல்ல. காற்றில் அதற்குச் சொல்லத்தக்க இருப்பே கிடையாது. பாறை சிதைந்து வர வேண்டும். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அமேசான் காட்டுக்குச் சகாராப் பாலைவனத்துத் தூசி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்து ஆண்டுக்குச் சுமார் 22 ஆயிரம் டன் பாஸ்பரஸைச் சேர்க்கிறது என்று 2015-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு கணக்கிட்டது. மழையும் வெள்ளமும் அந்தக் காட்டிலிருந்து அடித்துச் செல்லும் பாஸ்பரஸும் ஏறத்தாழ அவ்வளவுதான். வெளி வரவு இழப்பை ஈடுகட்டவே சரியாகப் போகிறது. மரங்கள் அன்றாடம் உறிஞ்சும் பாஸ்பரஸில் பெரும்பகுதி, முன்பே அங்கே ஏதோ ஓர் உயிரின் உடலில் இருந்ததுதான்.

இங்கேதான் புதிர் தொடங்குகிறது. உதிர்ந்த இலையிலும் விழுந்த விதையிலும் செத்த பூச்சியிலும் பாஸ்பரஸ் பெரிய பெரிய மூலக்கூறுகளுக்குள் பிணைந்து கிடக்கிறது. வேருக்கு அந்த மூலக்கூறுகள் பயன்படா. ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் அமைந்த சின்னஞ்சிறு அயனியாக, அதாவது தனித்த பாஸ்பேட்டாக வந்தால்தான் வேர் அதை உள்ளே விடும். பிணைந்ததைப் பிரித்துத் தனி பாஸ்பேட் ஆக்கும் வேலையைப் பெருமளவு செய்பவை மண்ணின் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். பாக்டீரியா அதை எப்படிச் செய்கிறது என்பதே இந்த அத்தியாயம்.

ஒரு ஹெக்டேர், 15 கிராம்

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 20 லட்சம் கிலோ. கிலோ மண்ணுக்கு 500 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். இது பல மண்களில் காணும் அளவுதான். அப்படியானால் அந்த ஒரு ஹெக்டேரில் 1,000 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. ஐந்து டன் நெல் விளைய, பயிர் எடுத்துக்கொள்வது 15 கிலோவை ஒட்டித்தான். இருப்பை மட்டும் பார்த்தால் பல தலைமுறைக்குப் போதும்.

இப்போது மண்ணில் உள்ள ஈரத்தைப் பார்ப்போம். வேர் உறிஞ்சுவது இந்த நீரில் கரைந்திருப்பதைத்தான். மண்ணின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு நீர் என்றால், அதே 15 சென்டிமீட்டரில் 3 லட்சம் லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் பாஸ்பரஸ் கரைந்திருப்பதாகக் கொண்டால் மொத்தம் 15 கிராம். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

பயிருக்குத் தேவை 15 கிலோ; எந்த நொடியிலும் நீரில் கரைந்திருப்பது 15 கிராம். ஆகவே நூறு நாள் பயிர் ஒன்று முழுமையாக வளர, அந்த 15 கிராம் ஆயிரம் முறை தீர்ந்து ஆயிரம் முறை நிரம்ப வேண்டும். நாளுக்குப் பத்து முறை. மண்ணின் வளத்தைத் தீர்மானிப்பது அங்கே குவிந்திருக்கும் 1,000 கிலோ அல்ல, இந்த நிரம்பும் வேகம்.

நிரப்புவதில் கனிமங்களுக்கும் களிமண்ணுக்கும் பங்கு உண்டு. களிமண்ணின் மேல் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டு நீரில் கலக்கும். மீதிப் பங்கு உயிருள்ளவற்றிலிருந்து வந்து மண்ணில் சேர்ந்தவற்றுடையது. கார்பனோடு பிணைந்த பாஸ்பரஸைக் கரிம பாஸ்பரஸ் என்கிறோம். பல மண்களில் மொத்த பாஸ்பரஸில் 30 முதல் 65 சதவீதம் வரை இந்த வடிவில்தான் இருக்கிறது. நம் ஹெக்டேரில் பாதி என்று கொண்டால் 500 கிலோ.

லட்சம் கோடி ஆண்டுப் பிணைப்பு

கரிம பாஸ்பரஸில் மூன்று குடும்பங்கள் முக்கியம். ஒரு பாஸ்பேட் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கார்பன் சட்டகத்தோடு இணைந்திருப்பது முதல் குடும்பம். விதைகளில் உள்ள பைட்டேட் இதைச் சேர்ந்தது. ஒரு பாஸ்பேட் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்பது இரண்டாவது, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., செல்லின் மேலுறையில் உள்ள பாஸ்போலிப்பிடுகள் எல்லாம் இதில் அடங்கும். இந்த இரண்டிலும் கார்பனுக்கும் பாஸ்பரசுக்கும் நடுவே ஓர் ஆக்சிஜன் அணு பாலமாக இருக்கிறது. அந்தப் பாலம் இல்லாமல் கார்பனும் பாஸ்பரசும் நேரடியாகப் பிணைந்தவை மூன்றாவது குடும்பம். களைக்கொல்லியான கிளைஃபோசேட் அந்த வகை.

முதல் குடும்பத்தின் பிணைப்பை உடைக்க ஒரு நீர் மூலக்கூறு போதும். நீர் உள்ளே புகுந்தால் பாஸ்பேட் தனியே கழன்றுவிடும். மண்ணில்தான் நீர் இருக்கிறதே, தானாகவே உடையாதா? அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் வுல்ஃபெண்டனும் அவருடைய சகாக்களும் இதை அளந்து 2003-இல் வெளியிட்டார்கள். 25 டிகிரி வெப்பத்தில், எந்த உதவியும் இல்லாமல், நடுநிலை நீரில் இந்தப் பிணைப்புகளில் பாதி உடைவதற்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டம். பிணைப்பைத் தாக்க வரும் நீரின் ஆக்சிஜன் முனையை அது நெருங்கவிடாமல் தள்ளுகிறது. உயிர்கள் தங்கள் மரபுச் செய்தியைப் பாஸ்பேட் பிணைப்புகளில் கோத்து வைத்திருப்பதற்கும் இதுவே காரணம் என்று ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர் 1987-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். மின்னூட்டம் இருப்பதால் மூலக்கூறு தானாக உடையாது. கொழுப்பாலான செல் உறையைத் தாண்டி வெளியே கசியவும் செய்யாது.

உயிரோடு இருக்கும்வரை இது வரம். செத்த பிறகு மண்ணுக்கு இதுவே தடை. உடையாத பிணைப்பு மண்ணிலும் உடையாது. கசியாத மூலக்கூறு வேறொரு செல்லுக்குள் நுழையவும் முடியாது. ஆகவே இந்தப் பிணைப்பை வேகமாக உடைக்கும் ஏதோ ஒன்று வேண்டும். அதுவும் செல்லுக்கு வெளியே நின்று உடைக்க வேண்டும். அதைச் செய்பவைதான் நொதிகள். வேதிவினையை விரைவுபடுத்தும் புரதங்கள் இவை. பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளுக்குப் பாஸ்படேஸ் என்று பொதுப்பெயர். லட்சம் கோடி ஆண்டு எடுக்கும் வினையை இவற்றில் சில, நொடிக்குப் பல தடவை செய்து முடிக்கின்றன. வேக அதிகரிப்பை எழுதினால் ஒன்றுக்குப் பின்னால் 21 சைபர்கள் வரும். நொதிகளில் நாம் அறிந்த மிகப் பெரிய வேக அதிகரிப்புகளில் இது ஒன்று.

விதையின் சேமிப்பு

இனி ஒரே ஒரு மூலக்கூறைப் பின்தொடர்வோம். அதன் பெயர் பைட்டேட்.

ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையம். ஒவ்வொரு கார்பனிலும் ஒரு பாஸ்பேட். அதுதான் பைட்டேட். வளையத்துக்கு இனோசிட்டால் என்று பெயர். மூலக்கூறின் எடையில் கால் பங்குக்கு மேல் பாஸ்பரஸ் மட்டுமே. தானியங்களும் பருப்புகளும் தங்கள் பாஸ்பரஸில் 60 முதல் 80 சதவீதத்தை இந்த வடிவில் வைத்திருக்கின்றன. முளைக்கும்போது விதையே தன் நொதியால் இதை உடைத்துக்கொள்ளும். பயறை முளைகட்டினால் அதிலுள்ள இரும்பும் துத்தநாகமும் உடலில் நன்றாகச் சேர்வதும் இதனால்தான். அந்த உலோகங்களைப் பிடித்து வைத்திருந்த பைட்டேட் முளைக்கும்போது குறைந்துவிடுகிறது.

பைட்டேட்டை உடைக்கும் நொதிக்குப் பைட்டேஸ் என்று பெயர். ஜப்பானின் உமெதாரோ சுசுகியும் அவருடைய இரு சகாக்களும் 1907-இல் அரிசித் தவிட்டில் இதை முதலில் கண்டறிந்தார்கள்.

முளைக்காமல் மண்ணில் விழுந்த விதையின் பைட்டேட் என்ன ஆகும்? ஆறு பாஸ்பேட்டுகளும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. செம்மண்ணில் நிறைய இருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேற்பரப்பில் பைட்டேட் பல பாஸ்பேட்டுகளால் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை பாஸ்பேட்டைவிட அதைப் பிரிப்பது மிகவும் கடினம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியத்தோடு சேர்ந்து படியும். டி.என்.ஏ. போன்றவை மண்ணில் விழுந்த சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிட, பைட்டேட் மட்டும் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. பல மண்களில் கரிம பாஸ்பரஸின் பெரும்பங்கு இதுவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பசியை அறிவது எப்படி?

இந்தப் பைட்டேட்டுக்கு அருகே ஒரு பாக்டீரியாவை நிறுத்துவோம். பேசில்லஸ் அமைலோலிக்யூஃபேசியன்ஸ் என்ற இனத்தில் எஃப்.இசட்.பி.45 என்று எண்ணிடப்பட்ட வகை அது. செடிகளின் வளர்ச்சியைத் தூண்டும் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

பைட்டேஸ் நொதி ஒன்றைச் செய்ய ஏறத்தாழ 350 அமினோ அமிலங்களைக் கோக்க வேண்டும். அதை வெளியே விட்ட பிறகு திரும்பப் பெற முடியாது. தேவை இல்லாதபோது பாக்டீரியா இந்தச் செலவைச் செய்வதில்லை. பாஸ்பேட் தாராளமாகக் கிடைக்கும்போது பாக்டீரியா பாஸ்படேஸ் நொதியை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது என்பதை 1960-இல் அன்னமரியா தோரியானி ஈகோலை பாக்டீரியாவில் காட்டினார். வெளியே உள்ள பாஸ்பேட் அளவு ஓர் எல்லைக்குக் கீழே போனதும் நொதி உற்பத்தி நூறு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

பேசில்லஸில் இந்த வேலையை இரண்டு புரதங்கள் கவனிக்கின்றன. ஒன்று செல் உறையில் நிற்கும் ஃபோ-ஆர். பாஸ்பேட் குறைந்ததை உணர்ந்ததும் அது தன்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டு, அதை உள்ளே இருக்கும் ஃபோ-பி என்ற இரண்டாவது புரதத்துக்குக் கைமாற்றுகிறது. பாஸ்பேட்டைப் பெற்ற ஃபோ-பி நேராக டி.என்.ஏ.வுக்குப் போய், பசிக் காலத்துக்கான மரபணுக்களைத் திறக்கிறது. எஃப்.இசட்.பி.45-இல் பைட்டேஸ் மரபணுவும் ஃபோ-பி-யின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. வேகமான வளர்ச்சி தளரும் கட்டத்தில்தான் அது முழுமையாக இயங்குகிறது.

பசி வந்தால் பேசில்லஸ் இனங்கள் வரவைத் தேடுவதோடு செலவையும் குறைக்கின்றன. இவற்றின் செல் சுவரில் பாஸ்பேட் நிறைந்த டைக்கோயிக் அமிலம் என்ற பொருள் இருக்கும். பஞ்சம் நீடித்தால் பேசில்லஸ் சப்டிலிஸ் அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் பாஸ்பேட்டே இல்லாத வேறு பொருளை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது. ஒரு பாஸ்பேட் அணுத்தொகுதி ஒரு பாக்டீரியாவுக்கு எவ்வளவு அருமையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்று வெட்டு

வெளியே வந்த பைட்டேஸ் நொதியின் வடிவம் ஆறு இறக்கை கொண்ட காற்றாடி போன்றது. அறிவியல் நூல்களிலும் அதற்குக் காற்றாடி வகைப் பைட்டேஸ் என்ற பொருள்படும் பெயரே வழங்குகிறது. காற்றாடி சுழல்வதில்லை, நடுவே அமைந்த பள்ளத்தில்தான் வேலை நடக்கிறது. அந்தப் பள்ளத்தில் கால்சியம் அயனிகள் இருக்கின்றன. நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம், பைட்டேட்டின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்து அதை உள்ளே இழுத்து நிறுத்துகிறது. ஒரு நீர் மூலக்கூறையும் சரியான கோணத்தில் பிடித்துக் கொடுக்கிறது. லட்சம் கோடி ஆண்டுகள் நீரை விலக்கி நிறுத்திய தடை இங்கே விலகிவிடுகிறது.

பள்ளத்தில் பாஸ்பேட் பொருந்த இரண்டு இடங்கள் உள்ளன. ஓர் இடம் பிடித்துக்கொள்ள, மற்றொன்று வெட்ட. ஆகவே அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பாஸ்பேட்டுகள் இருந்தால்தான் நொதி நன்றாக வேலை செய்யும். வளையத்தின் ஆறு பாஸ்பேட்டுகளை ஒன்று முதல் ஆறு வரை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வெட்டில் ஒன்று போகிறது. பக்கத்து பாஸ்பேட் நிற்கிறது. இரண்டாவது வெட்டில் ஒன்றுவிட்டு அடுத்தது. மூன்றாவதிலும் அப்படியே. மூன்று வெட்டு முடிந்ததும் வளையத்தில் மூன்று பாஸ்பேட் மிச்சம். ஆனால் எந்த இரண்டும் அடுத்தடுத்து இல்லை. பிடிக்க ஒன்றும் வெட்ட ஒன்றும் என்ற வாய்ப்பு தீர்ந்துவிட்டதால் நொதி அங்கே கிட்டத்தட்ட நின்றுவிடும்.

மிச்ச மூன்றையும் வேறு பாஸ்படேஸ்கள் கழற்றுகின்றன. பாக்டீரியாக்களின் இந்தப் பாஸ்படேஸ்களுக்கும் உலோகம் வேண்டும். ஈகோலையின் புகழ்பெற்ற பாஸ்படேஸ் துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் வைத்து இயங்குகிறது. மண்ணிலும் கடலிலும் பரவலாகக் காணும் வேறு இரண்டு வகைகள் கால்சியத்தையும் இரும்பையும் பயன்படுத்துகின்றன என்று 2014-இல் தெரியவந்தது. பாஸ்பரஸை விடுவிப்பதற்குக்கூட மண்ணில் வேறு தாதுக்கள் இருந்தாக வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

எல்லாப் பைட்டேஸும் இப்படி மூன்றில் நிற்பதில்லை. ஈகோலையும் சில பூஞ்சைகளும் தரும் அமில வகைப் பைட்டேஸ் ஐந்து பாஸ்பேட் வரை ஒவ்வொன்றாகக் கழற்றும். ஆனால் அது புளித்த சூழலில் வேகம் காட்டும். கால்சியம் ஒட்டிய பைட்டேட்டை விரும்பாது. காற்றாடி வகை நடுநிலைச் சூழலில், கால்சியத்தோடு கரைந்து நிற்கும் பைட்டேட்டில் சிறப்பாக வேலை செய்யும். ஒரே மூலக்கூறுக்கு மண்ணுக்கு மண் வெவ்வேறு நொதிகள் இருப்பதன் பொருத்தம் இதுதான்.

கடைசியில் ஆறு பாஸ்பேட்டும் கழன்றபின் வெறும் இனோசிட்டால் வளையம் நிற்கும். அது சர்க்கரையின் உறவுக்காரப் பொருள். பல பேசில்லஸ் இனங்கள் அதையும் கார்பன் உணவாக எடுத்துக்கொள்ளும்.

செடிக்குக் கிடைப்பது எப்படி?

இவ்வளவும் பாக்டீரியா தன் பசிக்காகச் செய்வது. செடிக்கு இதில் என்ன லாபம்? எஃப்.இசட்.பி.45-ஐ ஆராய்ந்த குழு இதைத் தெளிவாகச் சோதித்து 2002-இல் வெளியிட்டது. மக்காச்சோள நாற்றுகளுக்குப் பாஸ்பேட்டைக் குறைத்து, பைட்டேட்டை மட்டும் கொடுத்தார்கள். பாக்டீரியா வளர்ந்த நீரைச் சேர்த்தபோது நாற்றுகள் நன்றாக வளர்ந்தன. பைட்டேஸ் மரபணு செயலிழந்த அதே பாக்டீரியாவின் நீர் அந்தப் பலனைத் தரவில்லை. செல்லுக்கு வெளியே வெட்டுவதால் கழன்ற பாஸ்பேட் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. பக்கத்தில் வேர் இருந்தால் அதுவும் எடுத்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஆலன் ரிச்சர்ட்சன் குழு 2001-இல் வெளியிட்ட சோதனையும் இதையே காட்டியது. மேய்ச்சல் செடிகளைக் கிருமி நீக்கிய ஊடகத்தில் வளர்த்துப் பைட்டேட்டை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் அவை பாஸ்பரஸ் இன்றி வாடின. மண்ணின் நுண்ணுயிரிகளைச் சேர்த்தபோது அதே பைட்டேட்டிலிருந்து அவற்றால் பாஸ்பரஸ் பெற முடிந்தது.

அப்படியானால் பைட்டேஸைச் செடியின் வேரே சுரக்கும்படி மரபணுவை மாற்றிவிட்டால்? அதையும் அந்த ஆய்வாளர்கள் செய்து பார்த்தார்கள். ஊடகத்தில் அந்தச் செடிகள் பைட்டேட்டைக் கொண்டே வளர்ந்தன. மண்ணில் நட்டபோது அந்தப் பலன் பெரும்பாலும் காணாமல் போயிற்று. மண்ணில் பைட்டேட் இரும்பிலும் அலுமினியத்திலும் ஒட்டிக் கிடக்கிறது. சுரந்த நொதியும் களிமண்ணில் ஒட்டிச் செயலிழக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டுமே. வேர்களும் பாக்டீரியாக்களும் சிட்ரிக், ஆக்சாலிக் போன்ற அமிலங்களைக் கசியவிட்டு முதலில் பைட்டேட்டைக் களிமண்ணிலிருந்து விலக்குகின்றன. அதன் பிறகே நொதிக்கு வேலை. ஒரு நொதியை மட்டும் கொண்டுபோய் வைத்து இந்தக் கூட்டு வேலையை ஈடுசெய்ய முடியாது என்பதே அந்தச் சோதனை கற்றுத்தந்த பாடம்.

செடிக்குப் பாஸ்பேட் வரும் இன்னொரு வழி பாக்டீரியாவின் சாவு. கழன்ற பாஸ்பேட்டில் பெரும்பகுதியைப் பாக்டீரியா தன் உடலுக்குள் வைத்துக்கொள்கிறது. நம் ஹெக்டேரில் நுண்ணுயிரிகளின் உடலில் மட்டும் பத்து, பதினைந்து கிலோ பாஸ்பரஸ் இருக்கக்கூடும். ஒரு நெற்பயிரின் முழுத் தேவைக்குச் சமமான அளவு. மண்ணில் உள்ள ஓரணு உயிர்களும் நூற்புழுக்களும் பாக்டீரியாக்களை மேய்கின்றன. தமக்கு வேண்டியதற்கு மேல் உள்ள பாஸ்பேட்டை வெளியே விடுகின்றன. மண் காய்ந்து மீண்டும் நனையும்போது ஏராளமான பாக்டீரியாக்கள் வெடித்துச் சாகும். அப்போதும் பாஸ்பேட் நீரில் கலக்கும். கரிமப் பொருளிலிருந்து பாஸ்பேட் இப்படிக் கனிம வடிவுக்கு வருவதைக் கனிமமாதல் என்கிறார்கள்.

எந்தக் குப்பை, எவ்வளவு கார்பன்?

பாக்டீரியா கொடுக்குமா, பிடித்து வைத்துக்கொள்ளுமா என்பதை அது தின்னும் குப்பையே தீர்மானிக்கிறது. குப்பையில் பாஸ்பரஸ் ஒரு பங்குக்குக் கார்பன் 200 பங்குக்குக் குறைவாக இருந்தால் பாக்டீரியாவுக்குப் பாஸ்பரஸ் மிஞ்சும். மிஞ்சியது மண்ணுக்கு வரும். 300 பங்கைத் தாண்டினால் பாக்டீரியாவுக்கே போதாது. அது மண் நீரில் இருக்கும் 15 கிராமிலும் கை வைக்கும்.

வைக்கோலில் சுமார் 40 சதவீதம் கார்பன், பாஸ்பரஸ் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். ஒன்றுக்கு நானூறு. பச்சை வைக்கோலை மடக்கி உழுத உடனே நட்டால் பயிர் கொஞ்ச நாள் மணிச்சத்துக்குத் திணறுவது இதனால்தான். நன்றாக மட்கிய தொழு உரத்தில் கார்பன் ஏற்கெனவே கரியமில வாயுவாகப் போய்க் குறைந்திருக்கும். அதனால் அது மண்ணில் சேர்ந்ததும் பாஸ்பேட்டை விட்டுக்கொடுக்கும்.

மஞ்சளாக மாறும் குழாய்

மண்ணில் இந்த நொதிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளக்க முடியுமா? அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தபதபாயும் பிரெம்னரும் 1969-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் அதையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். ஒரு கிராம் மண்ணில், பாஸ்பேட் ஒட்டிய நிறமற்ற வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். மண்ணின் பாஸ்படேஸ் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால் மீதிப்பொருள், காரம் சேர்த்ததும் மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் நொதியும் அதிகம்.

அமிலச் சூழலில் இயங்கும் பாஸ்படேஸை வேர்களும் சுரக்கும். காரச் சூழலில் இயங்குவதைச் செடிகள் சுரப்பதில்லை. அது நுண்ணுயிரிகளின் வேலை என்று கருதப்படுகிறது. ஆகவே கார பாஸ்படேஸின் அளவு, மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகளின் உழைப்பைக் காட்டும் நல்ல அடையாளம். தொழு உரம் போட்ட நிலங்களில் இது கூடுவதையும், பாஸ்பேட் உரம் அளவுக்கு மீறிய நிலங்களில் குறைவதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பசி இல்லாத பாக்டீரியா நொதி சுரக்காது என்று முன்னர் பார்த்தோம்; அதே விதி வயல் அளவிலும் தெரிகிறது.

பாக்கெட்டும் வயலும்

இந்த பாக்டீரியாக்களை வளர்த்து வயலில் போட்டால் என்ன என்ற எண்ணம் பழையது. சோவியத் ஆய்வாளர் மென்கினா 1930-களில் கரிம பாஸ்பரஸை உடைக்கும் பேசில்லஸ் மெகாடீரியம் வகை ஒன்றைப் பிரித்தெடுத்தார். பாஸ்போபாக்டீரின் என்ற பெயரில் அது சோவியத் நாட்டில் லட்சக்கணக்கான ஹெக்டேர்களில் பயன்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் தங்கள் மண்களில் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. தமிழ்நாட்டில் பாஸ்போபாக்டீரியா என்று உயிர் உரமாகக் கிடைக்கும் பாக்கெட்டுகளில் இருப்பதும் பெரும்பாலும் இந்த பேசில்லஸ் மெகாடீரியம்தான்.

ஒரு நிலத்தில் பலித்தது இன்னொரு நிலத்தில் ஏன் பலிப்பதில்லை என்பதை நாம் பார்த்த ஒவ்வொரு படியும் விளக்குகிறது. மண்ணில் கரிமப் பொருளே இல்லை என்றால் பாக்டீரியாவுக்குத் தின்னவும் எதுவும் இல்லை, வெட்டவும் எதுவும் இல்லை. பாஸ்பேட் உரம் ஏற்கெனவே மிகுந்திருந்தால் பைட்டேஸ் மரபணு திறக்காது. பைட்டேட் இரும்பில் இறுகியிருந்தால் முதலில் அமிலம் வேண்டும். புதிதாகப் போட்ட பாக்டீரியா, அங்கேயே பிறந்து வளர்ந்த கோடிக்கணக்கான பாக்டீரியாக்களோடு போட்டியிட வேண்டும். பாக்கெட்டைத் தொழு உரத்தோடு கலந்து போடச் சொல்வதன் நியாயம் இங்கே புரியும். விருந்தாளிக்குச் சோறும் சேர்த்து அனுப்பினால்தான் அது தங்கும்.

உலகில் கண்டறியப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் இருக்கிறது. இந்தியா தன் பாஸ்பேட் உரத்தேவையின் பெரும்பகுதிக்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிப் போடும் அந்த உரத்திலும் முதல் போகத்தில் பயிர் எடுப்பது நாலில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. மீதி மண்ணில் இறுகுகிறது. ஒரு பகுதி உயிர்களின் உடல்களுக்குள் போய்க் கரிம பாஸ்பரஸாகச் சேர்கிறது. ஏற்கெனவே நிலத்தில் சேர்த்துவைத்த இந்தச் செல்வத்தைப் பயன்படுத்தாமல் மேலும் மேலும் வாங்குவது நாட்டுக்கும் கட்டாது, உழவருக்கும் கட்டாது.

மண் பரிசோதனை அறிக்கையில் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ மணிச்சத்து என்று ஓர் எண் வரும். பைகார்பனேட் போன்ற கரைசலில் எளிதாகக் கழன்று வந்த பாஸ்பேட்டின் அளவு அது. மண்ணில் சேர்ந்து கிடக்கும் பைட்டேட் அந்த எண்ணில் இல்லை. அதை வெட்டும் நொதிகளின் திறமும் இல்லை. உரத்தின் அளவை முடிவு செய்ய அந்த எண் வேண்டும்தான். அதோடு நிலத்துக்குப் போன ஆண்டு எவ்வளவு மட்கு போயிற்று, மண் ஈரமாகவும் நிழலாகவும் எத்தனை மாதம் இருந்தது, தேவைக்கு மேல் டி.ஏ.பி. போன்ற பாஸ்பேட் உரத்தைக் கொட்டிப் பாக்டீரியாவின் பசியை நாமே அணைத்துவிட்டோமா என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், அந்த 15 கிராமை நாளுக்குப் பத்து முறை நிரப்பும் உழைப்பில் பெரும்பகுதியை மண்ணே ஏற்றுக்கொள்ளும்.